கல் விழக் கூடாத சனிக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வீடியோ கேம் பிடிக்காது. அரை மணி நேரம் அந்தத் திரையைப் பார்த்தால் தலை வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், அடுப்பில் வைத்த பருப்பு கருகும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல், மூன்று மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, இல்லாத ஊரின் ஆகாயத்தில் தொங்கிய ஒரு கல்லைப் பற்றித் தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். அதற்கு ஒரே காரணம் என் மகன்தான்.

படிப்பு முடிந்த கையோடு அவனுக்குப் பிந்துலுவில் வேலை கிடைத்தது. பிந்துலு மலேசியாவின் கிழக்குப் பகுதியில், சரவாக்கில் இருக்கிறது. ஜொகூரில் நாங்கள் இருக்கும் தம்போயிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமில்லை, கடல் தாண்டிப் பறக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். மற்ற நாளெல்லாம் போன்தான். அவன் போனில் பேசுகிற அழகு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன்."

"என்னா சாப்ட்டே?"

"சோறு."

"கறி?"

"ம்."

அவ்வளவுதான். பெற்ற வயிறு இதைக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். 'ம்' என்று ஒரு கறி இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் கேமுக்குள் வந்துவிட்டால் அவன் வேறு ஆள். கிளம்பும்போது தன் பழைய கேம் பெட்டியை டிவி அலமாரியிலேயே விட்டுப் போயிருந்தான். "மா, இத யாருக்கும் தூக்கிக் குடுத்துடாத. நீயும் ஆடு. ஆடிக்கிட்டே பேசலாம்" என்றான். சும்மா சொல்கிறான் என்று நினைத்தேன். முதல் சனிக்கிழமை ஹெட்செட்டைப் போட்டதும் ஒன்றரை மணி நேரம் வாய் மூடாமல் பேசினான். குதிரை எங்கே கிடைக்கும், எந்தக் காட்டுக்குள் போகக் கூடாது, தன் போஸ் எப்படி நடப்பார், பக்கத்து அறைக்காரன் எப்படிக் குறட்டை விடுவான், எல்லாம் வந்தது. நான் பொறுமையாகக் குதிரையைத் தேடுகிற மாதிரியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அன்றே முடிவு பண்ணிவிட்டேன், தலை வெடித்தாலும் பரவாயில்லை, இந்தச் சனியனை ஆடுவது என்று.

ஏன் சனிக்கிழமை என்றால், அப்போது எங்கள் ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. சரவாக்கில் சனியும் ஞாயிறும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கேம் என்னவென்றால், மந்திரவாதிகளும் பூதங்களும் பேசுகிற மரங்களும் உள்ள ஒரு ராஜ்யம். எல்லோரும் வாளை எடுத்துக்கொண்டு பூதத்தை வெட்டப் போவார்கள். நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாரம் ஐந்து நாள் தொழிற்சாலையில் மல்லுக்கட்டுகிறவளுக்கு விடுமுறையிலும் சண்டையா? கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு மீனவ கிராமத்தில் வீடு கட்டினேன், கத்தரிக்காய் போட்டேன், மாடு வளர்த்தேன். என் மகன் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டான். எங்களைப் பார்த்து வேறு சில தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். ஜொகூர்க்காரர்கள்தான் அதிகம், முப்பது பேர் இருப்போம். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் அந்த ராஜ்யத்து வானத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றியது. விண்கல். கேம் செய்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் கொழுக்கட்டை. அவர்கள் பேசாவிட்டால் என்ன, உலகமே பேசியது. எங்கள் குழுவும் பேசியது.

மெர்சிங்கில் மீன் வியாபாரம் பண்ணுகிற ஒரு தம்பி, அது கல் இல்லை, டிராகன் முட்டை என்றான். "அக்கா, நான் தெனம் மீன் முட்டைய பாக்கறவன். வடிவத்தப் பாத்தாலே தெரியும்லா" என்று சத்தியம் பண்ணினான். குளுவாங்கில் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர், வால் நட்சத்திரம் தோன்றினால் அரசன் சாவான், இது அந்த ராஜாவுக்கு வந்த கண்டம் என்றார். வால் எங்கே சார் என்று கேட்டால், வால் பின்னால் இருக்கும், நமக்குத் தெரியாது என்றார். என் கணவர் லாரி பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"டிவில ஈ உக்காந்திருக்கும். தொடச்சுப் பாத்தியா?"

சிரிக்காதீர்கள். துடைத்தும் பார்த்தேன்.

என் மகன்தான் எல்லோரையும் விட மும்முரம். ஒரு வாரம் முட்டை என்பான், மறு வாரம் பறக்கும் சிறைச்சாலை என்பான். ஆதாரம் கேட்டால் அடுக்குவான். நான் இல்லை என்பேன், அவன் ஆமாம் என்பான், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. நடுநடுவே தன் கதையும் வரும். அப்படித்தான் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து போனதே எனக்குத் தெரிந்தது. "அப்ப ஏண்டா சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னா நீ பிளேன் ஏறி வந்துடுவே" என்றான். வந்திருப்பேன்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை, சாதாரணமாக, "இந்தக் கல்லு விழுந்ததும் நான் கேம நிறுத்திடறேன்மா. அது என்னான்னு தெரிஞ்சாப் போதும்" என்றான்.

கல் விழுந்தால் சனிக்கிழமை போச்சு. மறுபடியும் போன், மறுபடியும் சோறு, மறுபடியும் அந்த 'ம்'. உலகத்தில் லட்சக்கணக்கான பேர் அந்தக் கல் எப்போது விழும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். பிள்ளையாருக்குத் தேங்காய் கூட நேர்ந்துகொண்டேன். எதற்கு என்று மட்டும் அவரிடம் விவரமாகச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

வேண்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். இருபது வருடமாகப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எதையாவது பார்த்தால் கை தானாக வெர்னியரைத் தேடும். நீளம், அகலம், விட்டம், எல்லாவற்றையும் இரண்டு தாடைக்கு நடுவில் பிடித்து அளக்கிற அந்தக் கருவிதான் என் பிழைப்பு. கல் நெருங்குகிறதா இல்லையா என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டபோது எனக்குக் கோபம் வந்தது. வாயால் அளக்கிறதா? கலங்கரை விளக்கத்தின் மூன்றாவது படி, கேமில் உச்சி வெயில் நேரம், பார்வை நேர் வடக்கு என்று ஒரு அளவு முறை வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் அங்கே நின்று, எழுந்து போய், டிவி திரையிலேயே வெர்னியரை வைத்து கல்லின் விட்டத்தை அளந்து, நோட்டில் எழுதிக் குழுவில் போட்டேன்.

வளர்ந்துகொண்டிருந்தது. அளக்கிறவளுக்குத்தானே வயிற்றெரிச்சல்? வாரத்துக்கு அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் என்று பெரிதாகி, பதின்மூன்று மில்லிமீட்டரைத் தொட்டது. என் கணக்கை நம்பி மெர்சிங் தம்பி கிராமத்தைக் காலி பண்ணிவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி மலைக்கு மேல் குடியேறினான். அந்த வண்டியில் ஒரு தடவைக்கு நாலு சாமான்தான் ஏறும். ஒன்பது நாள் இழுத்தான் பாவம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் இடி விழுந்து எங்கள் டிவி புகைந்துபோனது. என் கணவர் தெரிந்த கடையில் பேசி வேறு ஒன்று கொண்டுவந்து வைத்தார். வேலை முடிந்து வந்து பார்த்தால் பழையதைவிடச் சிறிசு. "என்னங்க இது, கைக்குட்டை அளவுக்கு இருக்கு?" என்று கேட்டேன். "படம் தெரியுதுல்ல?" என்றார். அதோடு விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல மூன்றாவது படியில் நின்று, நேர் வடக்கே பார்த்து, வெர்னியரை வைத்தேன். பதினொன்றரை. திரும்ப வைத்தேன். பதினொன்றரை. மூன்றாவது தடவையும் அதேதான்.

கல் சிறியதாகிவிட்டது! கல் திரும்பிப் போகிறது!

டிவி மாறியது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கைக்குட்டை என்று திட்டினவளே நான்தான். தொழிற்சாலையில் ஒரு பெண் கருவியை மாற்றிவிட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் அவளை நிற்க வைத்துத் தோலை உரித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு விஷயமும் என் மண்டைக்குள் சந்திக்கவே இல்லை. சந்திக்க நான் விடவில்லை என்பதுதான் உண்மை. ஆசை வந்தால் அனுபவமெல்லாம் அம்பேல்.

வெர்னியரோடு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். "கல் விழாது. விலகிப் போகிறது. இதோ ஆதாரம்." அரை மணி நேரத்தில் குழு அல்லோலகல்லோலப்பட்டது. தரக்கட்டுப்பாட்டு அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரே பாராட்டு. மெர்சிங் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மலையிலிருந்து சாமானையெல்லாம் மறுபடியும் கீழே இழுத்து வந்தான்.

வந்தவன் சும்மா குடியேறவில்லை. புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டாமா? கேமில் மாட்டைக் கறக்கலாம், அடுப்பு மூட்டலாம், பானை வைக்கலாம். பிறகென்ன? குளுவாங் வாத்தியார் நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். அந்த ராஜ்யத்தில் ஒரு நாள் என்பது நமக்கு நாற்பத்தெட்டு நிமிடம். அந்தக் கணக்குப்படி ராகு காலம் மூன்றே நிமிடம் என்று கண்டுபிடித்திருந்தார். முப்பது பேரும் அவன் வாசலில் வாளோடும் கேடயத்தோடும் கூடி நின்றோம். பானை பொங்குவதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. "அடுப்ப அணைங்க! அணைங்க! மூணு நிமிசம் பொறுங்க!" என்று வாத்தியார் ஹெட்செட்டில் அலற, ஒரு மந்திரவாதி அடுப்பின் மேல் பனிக்கட்டி மந்திரத்தை ஏவ, பானை, அடுப்பு, மெர்சிங் தம்பி மூன்றும் உறைந்து நின்றன. நான் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கல் போகிறது, சனிக்கிழமை இருக்கிறது.

பத்து நாள் போயிருக்கும். என் மகனிடமிருந்து ஒரு செய்தி. குழுவில் இல்லை, எனக்கு மட்டும்.

"மா, போட்டோல டிவி பக்கத்துல பிள்ளையார் எப்படி வந்தாரு?"

எனக்குப் புரியவில்லை. உடனே போன் அடித்தான்.

"நம்ம டிவி அலமாரிக்குள்ள ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்கும்மா. ஒரு கார்டு கூடச் சொருக முடியாது. இப்ப பிள்ளையார் நிக்கறாரு, பக்கத்துல அப்பா மாத்திர டப்பா இருக்கு. டிவி என்னா ஆச்சு?"

நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையார் அந்த இடுக்கில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். நான்தான் இடம் காலியாக இருக்கிறதே என்று கொண்டுபோய் வைத்திருந்தேன். தேங்காய் பாக்கி இருந்ததால் காட்டிக்கொடுத்துவிட்டார் போல.

"அலாமாக்" என்றேன். வேறென்ன சொல்ல?

"நீயாம்மா இப்படிப் பண்ணே? கல்லு விழக் கூடாதுன்னு உனக்கு என்னா அவ்ளோ?"

"என் வீடு இருக்குலா அங்க. கத்தரிக்கா காய்ச்சிருக்கு" என்று சமாளித்தேன். உண்மையைச் சொல்ல நாக்கு வரை வந்தது. தாய்க்கும் ரோஷம் இருக்குமல்லவா? அவனாகப் போகிறேன் என்கிறான், நான் காலைப் பிடித்து இழுப்பதா?

குழுவில் உண்மையைச் சொன்னேன். இருபது வருட மானம் ஒரே மத்தியானத்தில் கப்பலேறியது. மெர்சிங் தம்பி குரல் செய்தி அனுப்பினான், முதல் பத்து விநாடி வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "அக்கா, உங்க மேல மரியாத இருக்கு. அதனால ஒண்ணும் சொல்லல. வண்டியத் தள்ளப் போறேன்" என்றான். மறுபடியும் மலைக்கு ஏறினான்.

அதற்குப் பிறகு கேம் செய்தவர்கள் வாய் திறந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, எங்கள் நேரப்படி சரியாக நாலு மணிக்குக் கல் விழும் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் தொழிற்சாலையில் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. நல்ல பொருளையெல்லாம் கழிவுப் பெட்டியில் தூக்கிப் போட்டேன். என்னங்கக்கா ஆச்சு என்று கேட்ட பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். விண்கல் விழப் போகிறது என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை கிராமத்தில் கூட்டம் தாங்கவில்லை. என் மகனும் நானும் கலங்கரை விளக்கத்துப் படியில் நின்றோம். நாலு மணிக்கு வானம் சிவந்தது, டிவி அலமாரி அதிர்ந்தது, பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டேன். கல் கிராமத்தைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருந்த மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. ஒரு வீட்டுக்கும் கீறல் இல்லை. ஒரு மாடு மட்டும் போனது, அதுவும் என் மாடு.

புகை அடங்கியதும் எல்லோரும் ஓடினோம். ஆழமான பள்ளம். கல் மெல்ல இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு குள்ள வியாபாரி நின்றிருந்தான். பின்னால் வரிசையாகத் தொப்பிகள். தொப்பிக் கடை!

"இந்தத் தொப்பிக்காகவா நான் மூணு தடவ வீடு மாத்தினேன்?" என்று மெர்சிங் தம்பி அழாத குறையாகக் கேட்டான்.

"ராஜா சாவாருன்னு சொன்னீங்களே சார்?" என்று யாரோ வாத்தியாரை இழுத்தார்கள்.

"உயிர்ப்பலின்னு சொன்னேன். மாடு போச்சுல்ல?" என்றார் அவர், கூச்சமே இல்லாமல்.

சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நானும் மகனும் மிஞ்சினோம். "சரிம்மா" என்றான். அந்த 'சரிம்மா' என் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. ரோஷமாவது மண்ணாவது.

"நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ. ஆனா சனிக்கெழம மூணு மணிக்கு நான் யாருகிட்டடா பேசறது? அதச் சொல்லிட்டுப் போ. கல்லு விழக் கூடாதுன்னு நான் நின்னது கத்தரிக்காய்க்குன்னு நெனச்சியா? எனக்கு இந்த கேமே பிடிக்காதுடா! தல வலிக்குது!"

லைன் போய்விட்டதோ என்று ஹெட்செட்டைத் தட்டினேன்.

"எனக்கும் போரடிச்சு எட்டு மாசமாச்சும்மா" என்றான். "மத்த நாள்ல நான் தொறக்கறதே இல்ல. இது தொப்பிக் கடைன்னு எப்பவோ தெரியும். கேம் ஃபைலத் தோண்டி யாரோ நெட்ல போட்டுட்டாங்க."

"அப்புறம் ஏண்டா முட்டை, சிறைச்சாலைன்னு அளந்தே?"

"நீதான் வெர்னியரெல்லாம் வெச்சு அவ்ளோ ஆசையா அளந்துக்கிட்டு இருந்தியே. கல்லு விழுந்தா நீ வர மாட்டேன்னு நெனச்சேன். நீ நிறுத்தறேன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

சொன்னேனே, ரோஷம் என்று. அது என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது, அவன் அப்பாவிடமிருந்து இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து கேம் வேண்டாம், வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுவோம் என்று முடிவு பண்ணினோம். மூன்று மணிக்கு நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டான். இளைத்திருந்தான். வெயில் எப்படி என்றேன், இருக்கு என்றான். வேலை எப்படி என்றேன், போகுது என்றான். என் கணவர் தலையை நீட்டி, "முடி வெட்டல?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாலு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. அவன் திரையில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் என் நரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மா, உள்ள போலாமா?" என்றான்.

"போலாம்டா" என்று பெட்டியை முடுக்கினேன்.

கிராமம் வெறிச்சோடிக் கிடந்தது. பள்ளத்து விளிம்பில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கீழே தொப்பிக்காரன் வாங்க ஒரு ஆள் இல்லாமல் கடையைத் திறந்து வைத்திருந்தான். திரையில் எங்கள் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. என் மகன் தானாகவே ஆரம்பித்தான்.

"மா, இங்க தமிழ் பேச எனக்கு ஆளே இல்லம்மா."

நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எல்லாரும் நல்லவங்கதான். வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, போவேன். மலாய்ல பேசறேன், இங்கிலீஷ்ல பேசறேன். ஆனா திங்கக்கெழமைலேருந்து வெள்ளிக்கெழம வரைக்கும் தமிழ்ல ஒரு வார்த்த வாயத் தொறக்க மாட்டேன். சனிக்கெழம நீ வந்து கன்னாபின்னான்னு திட்டுவ பாரு, அதக் கேட்டாத்தான் எனக்கு அந்த வாரம் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

இத்தனை நாளாக நான் என் சனிக்கிழமை போய்விடுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவனுடைய மற்ற நாட்களை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெட்செட்டில் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்தப் போனதில் கையிலிருந்த கன்ட்ரோலர் நழுவி, எந்தப் பட்டனோ அமுங்கி, என் ஆள் ஒரே தாவாகப் பள்ளத்துக்குள் குதித்துவிட்டாள்.

"மா! எங்க போறே?"

"தெரியலடா! விழுந்துட்டேன்!"

அவன் சிரித்தான். பிந்துலுவில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தான். "இரு, நானும் வர்றேன்" என்றான். அடியில் கிடந்தபடியே மேலே பார்த்தேன். கையை விரித்துக்கொண்டு, நேராக என்னை நோக்கி விழுந்துகொண்டிருந்தான்.